கணக்குக் கேட்ட ராஜா

சென்னைக்குப் போய்வரும் நம் தோழர்கள், கலியாணத்துக்குப் பட்டு எடுக்கவோ, பாத்திரம் வாங்கவோ தியாகராய நகருக்குப் போகாமல் திரும்புவதில்லை. கடை கடையாக ஏறி இறங்கிக் கால் கடுத்தால் உட்கார அங்கே ஒரு பூங்கா உண்டு. பனகல் பார்க்! பஸ் கண்டக்டர் நாள் முழுதும் கூவுகிற பெயர். அந்தப் பனகல் யார் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அது ஒரு பஸ் நிறுத்தம். மீதிப் பேருக்கு அது யாரோ ஒரு ராஜா.

ராஜாதான், மறுக்கவில்லை. ஆனால் அம்பாரியில் அமர்ந்து ஊர்வலம் வந்த ராஜா அல்ல. ஆள் அம்பு சேனையோடு அட்டகாசம் செய்த ராஜா அல்ல. கணக்குக் கேட்ட ராஜா! சர்க்கார் ஆபீசில் எத்தனை நாற்காலி காலியாயிற்று, அதில் யாரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாய், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் போட்டு அனுப்பு என்று இலாகாத் தலைவர்களுக்கு உத்தரவு பறந்ததே, அந்தக் காலத்து மந்திரிசபையின் தலைவர். பீடிக் கட்டு விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்த தகப்பன், தன் மகன் தாலுக்காக் கச்சேரியில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பெருமைப்படுகிறானே, அந்த நாற்காலிக்கும் இந்த ராஜாவுக்கும் தொடர்பு உண்டு.

ராஜா வருவதற்கு முன் நாற்காலிகளின் நிலை என்ன? அதை முதலில் பார்த்துவிடுவோம். அதைப் பார்க்காமல் அவரைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

குற்றாலத்தில் சாரல் விழும் காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவின் வெள்ளைக்கார அதிகாரிகள் அங்கே வந்து முகாம் போடுவது கும்பினிக் காலத்திலிருந்து வந்த பழக்கம். துரை அருவியைப் பார்ப்பார், மேகத்தைப் பார்ப்பார், மலையைப் பார்ப்பார். மனுவைப் பார்ப்பவர் யார்? குமாஸ்தா! சிரஸ்தார்! துரைக்குத் தமிழ் தெரியாது. மனுக் கொண்டுவந்த உழவனுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவர்தான் சர்க்கார். அவர் எந்தப் பக்கம் தலையாட்டுகிறாரோ அந்தப் பக்கம் தண்ணீர் பாயும். அவர் எந்தக் காகிதத்தை அடியில் தள்ளுகிறாரோ அந்தக் காகிதம் அடியிலேயே மக்கிப் போகும். உத்தியோகம் என்றால் வெறும் சம்பளம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மாதச் சம்பளம் பதினைந்து ரூபாயானாலும் ஒரு கிராமத்தின் தலையெழுத்து அந்த மேஜை மேல் இருந்தது.

அந்த மேஜை யார் கையில் இருந்தது? 1851ல் நெல்லூர் ஜில்லாவில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ரெவினியூ இலாகாவில் 49 பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்! மாமன் சிரஸ்தார், மருமகன் குமாஸ்தா, மைத்துனன் தாசில்தார் என்று ஒரு ஜில்லாவே ஒரு வீட்டுத் திண்ணையாகிவிட்டது. வெள்ளைக்காரனே மிரண்டு போனான். 1854ல் ரெவினியூ போர்டு ஒரு நிலையாணை போட்டது: சில செல்வாக்குள்ள குடும்பங்களே உத்தியோகங்களை வளைத்துக்கொள்ள விடக்கூடாது, பல சாதியாருக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று. நல்ல உத்தரவு! புத்தகத்தில் ஏறியது. புத்தகம் அலமாரியில் ஏறியது. அலமாரிச் சாவி யாரிடம் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அறுபது ஆண்டு கழித்துக் கணக்கைப் பாருங்கள். 1912ல் சென்னை மாகாணத்தில் இந்திய டிப்டி கலெக்டர்கள் 140 பேர். அதில் பிராமணர் 77. 1913ல் நிரந்தர ஜில்லா முன்சீப்புகள் 128 பேர். அதில் பிராமணர் 93, பிராமணரல்லாத இந்துக்கள் 25. மாகாண ஜனத்தொகையில் பிராமணர் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். அவர்கள் படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், தேறினார்கள். அதைக் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உழுதவன், நெய்தவன், மரம் ஏறியவன், மண் சுமந்தவன், வரி கட்டியவன் எல்லாம் வாசலில் நிற்க, உள்ளே ஒரே பேச்சு, ஒரே பந்தி, ஒரே உறவு என்றால், அந்த வாசலுக்கு வெளியே நிற்பவன் கணக்குக் கேட்பானா மாட்டானா?

1916 நவம்பர் 20ம் நாள் சென்னையில் சர் பிட்டி தியாகராயரும் டாக்டர் டி.எம். நாயரும் கூடிக் கட்சி கண்டார்கள். டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. மேலே நான் சொன்ன எண்கள் அந்த அறிக்கையில் உள்ளவைதாம். வசை இல்லை, வம்பு இல்லை. எண்களை அடுக்கி வைத்தார்கள். அந்த எண்கள் சென்னைப் பட்டணத்தையே ஒரு குலுக்குக் குலுக்கின.

இனி நம் ராஜாவுக்கு வருவோம்.

பெயர் ராமராயநிங்கார். 1866 ஜூலை 9ல் காளஹஸ்தியில் பிறந்தார். தெலுங்கு பேசும் வேலமர் குலத்து ஜமீன்தார் குடும்பம். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிரஸிடென்ஸி காலேஜில் 1893ல் பி.ஏ., 1899ல் எம்.ஏ. தேறினார். வடமொழி கற்றவர். இதை அழுத்திச் சொல்கிறேன். ஜஸ்டிஸ் கட்சிக்காரர்கள் படிப்பு வராத பணக்காரர்கள், பொறாமையால் புகைந்தார்கள் என்று ஒரு கதை கட்டி வைத்திருக்கிறார்களே, அதற்காகச் சொல்கிறேன். சமஸ்கிருதத்தில் பட்டம் பெற்ற மனிதர்தான் கணக்குக் கேட்டார்!

வட ஆர்க்காட்டு ஜில்லா போர்டில் இருந்து பழகினார். 1912 முதல் 1915 வரை டில்லி மத்திய சட்டசபையில் தென்னாட்டு நிலச்சுவான்தார்களின் பிரதிநிதி. அப்படிப்பட்டவர் டாக்டர் நடேசனாரின் திராவிடர் சங்கத்துக்கு வந்து தலைவராக உட்கார்ந்தார். நடேசனார் யார்? திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்தவர். வெளியூரிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத மாணவனுக்குத் தங்க இடமில்லை, உண்ணப் பந்தியில்லை என்பதைக் கண்டு 1916ல் திராவிடர் விடுதி திறந்தவர். ஜமீன்தாருக்கு அங்கே என்ன வேலை? அவருக்கு விடுதி வேண்டாம், உத்தியோகம் வேண்டாம். ஆனாலும் வந்தார். ஜமீன்தார்களைப் பற்றி நமக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. இவர் விஷயத்தில் விலக்குக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

1920 நவம்பரில் மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தப்படி தேர்தல் நடந்தது. காங்கிரஸ் ஒதுங்கிக்கொண்டது. தேர்ந்தெடுக்கப்படும் இடம் 98. ஜஸ்டிஸ் கட்சிக்கு 63. சொத்து உள்ளவனுக்குத்தான் ஓட்டு. அந்த ஓட்டர்களிலும் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் கூட வந்து ஓட்டுப் போடவில்லை. ஆகையால் நாடே திரண்டு வந்து நம்மை நாற்காலியில் வைத்தது என்று பெருமை பேசுவது பொருந்தாது. கவர்னர் வெலிங்டன், தியாகராயரை அழைத்தார். அவர் பதவி வேண்டாம் என்றார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். ராமராயநிங்கார் ஸ்தல ஸ்தாபன மந்திரி. சில மாதத்தில் ரெட்டியார் நோயால் விலக, 1921 ஜூலை 11ல் ராமராயநிங்கார் முதல் மந்திரியானார். ராஜா பட்டமும் சர் பட்டமும் அதன் பின் வந்தவை.

அந்த ஆகஸ்டு மாதமே சட்டசபையில் ஓ. தணிகாசலம் செட்டியார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். உத்தியோகங்களில் பிராமணரல்லாதாருக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்பிருந்தே கட்சி அங்கத்தினர்கள் கேள்வி நேரத்தில் துளைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த இலாகாவில் எத்தனை பேர்? அதில் எந்த வகுப்பார் எத்தனை? சென்ற ஆண்டு நியமனம் எத்தனை? நியமித்தவர் யார்? சட்டசபையில் கேட்கப்பட்ட கேள்விக்குச் சர்க்கார் மெம்பர் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். பதில் அச்சில் ஏறும். மறுநாள் பத்திரிகையில் வரும். குடியானவன் வாசலில் நின்று கேட்டால் போடா என்று சொல்லலாம். சட்டசபையில் நின்று கேட்டவனை அப்படிச் சொல்ல முடியுமா?

1921 செப்டம்பர் 16. அன்றுதான் 613ம் நம்பர் உத்தரவு பிறந்தது. முதல் கம்யூனல் ஜி.ஓ. இதன் அமைப்பைக் கவனியுங்கள். இதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடித்தோம் என்று சொல்லவில்லை. அலமாரியில் தூங்கிய அந்த 1854ம் ஆண்டு நிலையாணையையே தூசி தட்டி எடுத்தார்கள். ரெவினியூ இலாகாவுக்குச் சொன்ன நீதி மற்ற இலாகாக்களுக்கும், எல்லாப் படிகளுக்கும் செல்லும் என்றார்கள். வெள்ளைக்காரன் எழுதி வைத்ததைக் காட்டி வெள்ளைக்காரனிடமே, உன் வார்த்தைதானே இது, நடத்திக் காட்டு என்பது போல! அடுத்து, இலாகாத் தலைவர், கலெக்டர், ஜில்லா ஜட்ஜி ஆகியோர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, புதிதாக நியமிக்கப்பட்டவர்கள் யார் யார் என்று ஆறு கட்டம் போட்டு எழுதி அனுப்ப வேண்டும் என்றார்கள். பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், இந்தியக் கிறிஸ்தவர், முஸ்லிம்கள், ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், மற்றவர். ஆறு கட்டம்!

கவனியுங்கள், தோழர்களே. இந்த உத்தரவு ஒருவருக்கும் ஒரு வேலையும் கொடுக்கவில்லை. கணக்கு மட்டும் கேட்டது. அதற்கே எத்தனை ஆத்திரம்! தகுதி போயிற்று, திறமை போயிற்று, நிர்வாகம் பாழாயிற்று என்று பத்திரிகைகள் அலறின. பட்டியல் போட்டால் ஏன் திறமை போக வேண்டும்? யோக்கியமாக நியமனம் நடக்கிற இடத்தில் பட்டியலைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்? விளக்கைக் கொண்டு வா என்றதுமே ஒருவன் கூச்சல் போட்டால், இருட்டில் அவனுக்கு ஏதோ வேலை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

1922 ஆகஸ்டில் இரண்டாவது உத்தரவு வந்தது. பட்டியல்கள் வந்து குவிந்தன. ஆனால் நாற்காலிகள் நகர்ந்தனவா? மெள்ள, மிக மெள்ள. காரணம் இரட்டை ஆட்சி. போலீஸ், நிதி, நில வருவாய், நீதி நிர்வாகம் எல்லாம் கவர்னரின் நிர்வாக சபையின் கையில். மந்திரிகளுக்குக் கொடுத்தது கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம், கலால், விவசாயம் போன்றவை. பெட்டி மந்திரி கையில், சாவி நிர்வாக சபை கையில்! நிர்வாக சபையின் சட்ட மெம்பர்கள் யார்? முதலில் கே. சீனிவாச ஐயங்கார், பின்னர் சர் சி.பி. ராமசாமி ஐயர். உத்தரவில் கட்டாயம் இல்லை, விகிதம் இல்லை, மீறினால் தண்டனை இல்லை. இலாகாத் தலைவன் பட்டியலை அழகாக எழுதி அனுப்பிவிட்டுப் பழையபடியே ஆளைப் போட்டுக்கொண்டான்.

ஆகையால் பனகல் வேறு வழி தேடினார். 1922ல் காலேஜுகளில் மாணவர்களைச் சேர்க்கக் கமிட்டிகள் ஏற்பட்டன; பிரின்ஸ்பால் ஒருவரின் விருப்பு வெறுப்பே சட்டம் என்பது போயிற்று. 1924ல் ஸ்டாஃப் செலக்‌ஷன் போர்டு ஏற்பட்டது. அதாவது, ஆபீசில் உட்கார்ந்திருப்பவரே தனக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவரைப் பொறுக்கக்கூடாது. வெளியே உள்ள ஒரு சபை பொறுக்க வேண்டும். இன்று சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்காகத் தென்காசியிலும் கடையநல்லூரிலும் இராத்திரி விளக்கேற்றிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்று அது சாதாரணமல்ல. அந்தச் சுவரையும் இன்று ஒப்பந்தம், வெளிமுகமை என்ற பெயரால் பின்பக்கமாகத் துளை போடுகிறார்கள். ஏஜெண்டு மூலம் வந்தவனுக்குப் பரீட்சையும் இல்லை, சுழற்சியும் இல்லை, பென்ஷனும் இல்லை. எந்த ஆபீசில் எத்தனை பேர் அப்படி என்று சட்டசபையில் எழுந்து கேட்க நமக்கு ஆட்கள் வேண்டும்.

இதுவரை புகழ்ந்தேன். இனிக் கொஞ்சம் உள்ளதையும் சொல்ல வேண்டும். மாலை போடுவதற்கு மட்டும் வரலாறு எழுதினால் அது வரலாறாகாது.

முதலாவது, ஆறு கட்டம் போட்டார்களே, அதில் ஆதித்திராவிடருக்கு என்று தனிக் கட்டம் எங்கே? இல்லை! பிராமணரல்லாதார் என்ற பெரிய கூடைக்குள்ளேயே அடங்கு என்றார்கள். பெரிய கூடையில் மேலே இருந்த பழத்தை எடுத்தவர்கள் யார் என்பது ஊருக்கே தெரியும். பறையர், பஞ்சமர் என்ற பெயரை நீக்கி ஆதித்திராவிடர் என்று வழங்க 1922ல் உத்தரவு போட்டது இதே மந்திரிசபைதான், எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானம் அது. பெயர் வந்தது, பங்கு வரவில்லை. 1921ல் பெரம்பூர் பக்கிங்காம் கர்னாட்டிக் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர் சாதியால் இரண்டாகப் பிளந்தார்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் சுட்டது. போலீஸ் நிர்வாக சபையின் இலாகா என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் கட்சித் தலைவர்களில் சிலர், சர்க்கார் ஆதித்திராவிடருக்குச் சலுகை காட்டியதுதான் கலகத்துக்குக் காரணம் என்று பேசினார்களே! பட்டினி கிடந்த ஆலைத் தொழிலாளிக்கும் அது உதவவில்லை, குடிசை எரிந்தவனுக்கும் அது ஆறுதலாகவில்லை. 1923ல் எம்.சி. ராஜா கட்சியை விட்டு வெளியேறினார். அதைப் பனகல் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

இரண்டாவது, உத்தியோகத்துக்குக் கணக்குக் கேட்டவர் கையிலேயே கணக்கில்லாத நியமனங்கள் இருந்தன. ஸ்தல ஸ்தாபன மந்திரி அல்லவா? ஜில்லா போர்டுகளிலும் முனிசிபாலிட்டிகளிலும் ஆட்களை நியமிக்கும் அதிகாரம் அவரிடம். அந்த நியமனங்களை வைத்துத்தான் சட்டசபையில் கட்சியைக் கட்டிக் காத்தார் என்பது எதிரிகளின் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் பொருள் இல்லாமலில்லை. அவர் சிறந்த தந்திரி. அதிகம் பேசமாட்டார், யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பார். குமாஸ்தா நாற்காலிக்குப் பட்டியல், போர்டு நாற்காலிக்கு மட்டும் மந்திரியின் மனசா என்று கேட்டவர்கள் நியாயமாகத்தான் கேட்டார்கள்.

மூன்றாவது, தமிழருக்கு மனக்குறை. முதல் மந்திரி தெலுங்கர், கல்வி மந்திரி ஏ.பி. பாத்ரோ, அபிவிருத்தி மந்திரி கே.வி. ரெட்டி நாயுடு. வகுப்புக் கணக்குப் பார்க்கச் சொன்ன மந்திரிசபையிலேயே தமிழனுக்கு இடமில்லை! 1923 தேர்தலில் கட்சிக்கு இடங்கள் குறைந்தன. அதன் பிறகுதான் நம் திருநெல்வேலியைச் சேர்ந்த டி.என். சிவஞானம் பிள்ளை, ரெட்டி நாயுடுவின் இடத்தில் மந்திரியானார். கேட்டால்தான் கிடைக்கும் என்பது கட்சிக்கு உள்ளேயும் உண்மை. அந்த நவம்பரிலேயே சி.ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். 65க்கு 44 என்ற கணக்கில் மந்திரிசபை தப்பிப் பிழைத்தது.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் பனகலின் கணக்குப் புத்தகம் ஆபீஸ் வாசலோடு நின்றுவிடவில்லை. கோயில் வாசலுக்கும் வந்தது.

தென்காசிக் கோயில் 15ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. குற்றாலநாதர் கோயிலுக்கும் சித்திர சபைக்கும் நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. ராஜாக்கள் நிலம் விட்டார்கள், ஜமீன்தார்கள் கட்டளை வைத்தார்கள், ஏழை எளியவர்கள் உண்டியலில் காசு போட்டார்கள். வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு? மாகாணம் பூராவும் ஆயிரக்கணக்கான கோயில்களின் கதை ஒன்றுதான்: தர்மகர்த்தா சொன்னதே கணக்கு. சந்தேகப்பட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போ! கோர்ட்டுக்குப் போகிறவன் தன் வீட்டை விற்றுக் கடவுள் சொத்தைக் காப்பாற்ற வேண்டும்.

1922 டிசம்பரில் பனகல் இந்து அறநிலைய மசோதாவைச் சட்டசபையில் வைத்தார். மேலே ஒரு போர்டு, கீழே கமிட்டிகள், வரவு செலவுத் திட்டம், ஆடிட். அவ்வளவுதான்! அதற்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்தால் ஏதோ விக்கிரகத்தையே பெயர்த்துக்கொண்டு போக வந்துவிட்டார்கள் என்று தோன்றும். மடாதிபதிகள் எதிர்த்தார்கள், சத்தியமூர்த்தி போன்றோர் எதிர்த்தார்கள், தன் கட்சியிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். மதத்தில் கை வைக்கிறான் என்றார்கள். கை வைத்தது மதத்தில் அல்ல, பெட்டியில். மூன்று வருஷம் போராடி 1925ல் முதலாவது சட்டமாக அது ஏறியது. செல்லுமா செல்லாதா என்று வழக்காடினார்கள். 1927ல் மறுபடி இரண்டாவது சட்டமாக நிறைவேற்றிப் பூட்டுப் போட்டார்கள். 1951ம் ஆண்டுச் சட்டமும், இன்று நடைமுறையில் இருக்கும் 1959ம் ஆண்டுச் சட்டமும் அந்த வேரிலிருந்து முளைத்தவையே.

அந்த போர்டில் 1930 முதல் 1935 வரை கமிஷனராக இருந்தவர் யார் தெரியுமா? நம் டி.கே.சி! தென்காசியும் குற்றாலமும் சொந்தம் கொண்டாடுகிற ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். ராஜாஜியின் நண்பர், கம்பனில் தோய்ந்தவர். நமக்கும் அவருக்கும் ஆயிரம் கருத்து வேற்றுமை. ஆனாலும் பனகல் போட்ட நாற்காலியில்தான் அவரும் உட்கார்ந்து கோயில் கணக்குப் பார்த்தார். தென்காசிக் கோபுரம் அப்போது மின்னல் தாக்கிப் பிளந்து, மொட்டையாகத்தான் நின்றது. ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1990ல்.

குற்றாலத்து மலையில் மூலிகை பறிப்பவர்களுக்கும் ஒரு சேதி. இங்கிலீஷ் வைத்தியம் மட்டுமே வைத்தியம் என்றிருந்த காலத்தில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி பற்றி ஆராய உஸ்மான் கமிட்டியை வைத்து, 1925ல் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளியைத் திறந்ததும் இந்த மந்திரிசபைதான்.

1925ல் தியாகராயர் மறைந்தார். கட்சியின் பாரம் முழுவதும் பனகல் தலையில் விழுந்தது. 1926 தேர்தலில் கட்சி தோற்றது. சுயராஜ்யக் கட்சிக்கு 41 இடம், ஜஸ்டிஸ் கட்சிக்கு 21. சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுக்க, டாக்டர் சுப்பராயன் எந்தக் கட்சியும் சாராமல் மந்திரிசபை அமைத்தார். ஆறு ஆண்டு கேள்விக்குப் பதில் சொல்லிய பனகல், இப்போது எதிர்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். பதவி போனதும் மலை வாசஸ்தலத்துக்குப் போய்விடவில்லை.

1928ல் சைமன் கமிஷன் வந்தது. அதை வரவேற்பதா பகிஷ்கரிப்பதா என்ற தகராறில் இரண்டு மந்திரிகள் ராஜினாமாச் செய்தார்கள். சுப்பராயன் மந்திரிசபை ஆட்டம் கண்டது. அப்போது பனகல் காயை நகர்த்தினார். உன்னைத் தாங்குகிறேன், ஆனால் சும்மா அல்ல! ஜஸ்டிஸ் கட்சியின் எம். கிருஷ்ணன் நாயர், நிர்வாக சபையின் சட்ட மெம்பரானார். எந்த நாற்காலியிலிருந்து இத்தனை நாள் முட்டுக்கட்டை வந்ததோ அந்த நாற்காலி! சுயராஜ்யக் கட்சியிலிருந்து வந்த எஸ். முத்தையா முதலியார், மார்ச்சு மாதம் மந்திரியானார். கும்பகோணத்து வக்கீல், காங்கிரசில் வளர்ந்தவர், ஆனால் வகுப்புரிமையில் பனகலை விட உறுதி.

1921ல் கேட்டது கணக்கு. இப்போது வந்தது பங்கு. 1927 நவம்பரில் ஒரு உத்தரவும், அதையடுத்து 1928 டிசம்பர் 15ல் 1129ம் நம்பர் உத்தரவும் வெளியாயின. பன்னிரண்டு இடம் காலியானால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. ஏழாண்டுக்கு முன் கட்டமே இல்லாமலிருந்த ஆதித்திராவிடருக்குப் பன்னிரண்டில் ஒன்று; போதாது, மிகக் குறைவு, ஆனால் உத்தரவில் எழுதப்பட்ட ஒன்று. முத்தையா முதலியார் தன் கையிலிருந்த ரிஜிஸ்திரேஷன் இலாகாவில் அதை நடத்தியும் காட்டினார்.

அந்த உத்தரவு பிறந்த மறுநாள், 1928 டிசம்பர் 16ல், பனகல் ராஜா இன்புளுவென்சாக் காய்ச்சலில் காலமானார். வயது 62.

அடுத்த ஆண்டே, 1929ல், இந்தியாவில் வேறெந்த மாகாணத்திலும் இல்லாத சர்வீஸ் கமிஷன் சென்னையில் சட்டப்படி ஏற்பட்டது. 1947ல் ஓமந்தூரார் காலத்தில் பன்னிரண்டு பதினாலாயிற்று. பிற்பட்டோருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2 என்று தனிப் பங்கு வந்தது. 1951ல் சுப்ரீம் கோர்ட்டு செண்பகம் துரைராஜன் வழக்கிலும், முன்சீப் பதவி பற்றிய வெங்கட்ரமணா வழக்கிலும் அந்த உத்தரவை ஒரே நாளில் அடித்துத் தள்ளியது, பெரியார் கிளர்ச்சி செய்தார், தமிழ்நாடு கொதித்தது, அந்த ஆண்டே அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டது.

ஒரு சேதி பாக்கி. 1921ல் பனகல் போட்ட உத்தரவு தென்காசியில் செல்லும். ஐந்து மைல் தள்ளிச் செங்கோட்டையில் செல்லாது. செங்கோட்டை அப்போது திருவாங்கூர் ராஜ்யம். 1956 நவம்பரில்தான் நம்மோடு சேர்ந்தது. அந்தச் செங்கோட்டையில் 1905ல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, படித்து, மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் உயர்ந்தவர் ஏ.என். சட்டநாதன். 1969ல் கலைஞர் அரசு தமிழ்நாட்டின் முதல் பிற்பட்டோர் கமிஷனை அமைத்து அவரைத் தலைவராக்கியது. அவர் மறுபடி இலாகா இலாகாவாகப் பட்டியல் கேட்டார். பிற்பட்டோர் என்ற கூடைக்குள்ளேயும் மேலே இருக்கும் பழத்தை யார் எடுக்கிறார்கள் என்று பார்த்தார். வசதி வந்தவர்களை விலக்கவும் யோசனை சொன்னார். அந்த யோசனையை அரசு ஏற்கவில்லை. ஆனால் அவர் கமிஷனின் அறிக்கைக்குப் பின், 1971ல், பிற்பட்டோருக்கு இருந்த 25 சதவிகிதம் 31 ஆயிற்று. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு இருந்த 16 சதவிகிதம் 18 ஆயிற்று.